பேர் வெட்டிய பாத்திரங்களும் எங்கள் வீட்டு ஆச்சிமார்களும்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் ஆண் வழியை எழுதுவது பெரிய வேலையே இல்லை. பெயருக்கு முன்னால் முன்னோர் பெயர்களை எழுத்துகளாகச் சேர்க்கும் விலாசம் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை விரித்தால் சாத்தப்பன், ராமநாதன், முத்தையா என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரே பெயருக்குள் நாலு தலைமுறை. போதாக்குறைக்குக் கோவிலில் புள்ளிக் கணக்கு வேறு இருக்கிறது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். வரி வாங்குகிற இடத்தில் பெயர் தொலையாது.

அந்த ஆண்களைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். என் மாமியாருக்கு மாமியார் பெயர் எனக்குத் தெரியும். அவருக்கு மாமியார் யார், எந்த ஊரிலிருந்து கொண்டு வந்தார்கள் என்பது என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவருடைய அப்பச்சியும் (அப்பாவும்) சொல்லி வைக்கவில்லை. ஒரு வீட்டின் அடுப்படியை ஆயுள் முழுக்க நடத்தியவருடைய பெயர் மூன்றே தலைமுறையில் காணாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2020ல் ஊரடங்கு வந்தபோது இந்த வேலைக்கு உட்கார்ந்தேன். தேடியது கிடைத்த இடம் சாமான் அறை.

எழுபது வயது தாண்டியவள் நான். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூரில் எங்கள் பங்கு வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். மார்ச் 25 அன்று எல்லாம் அடைபட்டபோது, கூடமாட வேலைக்கு வரும் பெண்ணைச் சம்பளத்தோடு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். காலையில் முகப்பைக் கூட்டிக் கோலம் போட்டு, கபசுரக் குடிநீர் ஒரு மடக்குக் குடித்து, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டால் எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். பால்காரர் கேட்டில் தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக்கூடப் பங்காளிகள் கூட முடியாத வருஷம் அது. முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை நடந்தால் அதுதான் அன்றைய உடற்பயிற்சி. இந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

சாமான் அறையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற சாமான் அந்த வீட்டுக்கு ஒரு நாளும் தேவைப்படாத அளவுக்கு இருக்கும். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, செம்பு, கும்பா, குடம், கூஜா, தூக்கு, அடுக்கு, பிறகு எவர்சில்வர், மங்கு (பீங்கான்), பர்மா அரக்குப் பெட்டி எல்லாம் வரும். எல்லாம் பெண்ணுடைய சொத்து. வளவு வீட்டில் பல புள்ளிகள் சேர்ந்து இருந்தார்கள். விசேஷம் வந்தால் எல்லார் பாத்திரமும் ஒரே பந்தியில் கலக்கும். பிரித்து எடுக்க அடையாளம் வேண்டுமே, அதனால் பேர் வெட்டினார்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலான பாத்திரங்களில் இருப்பது பெண்ணின் அப்பச்சி வீட்டு விலாசம், அதற்கடுத்துப் பெண்ணின் பெயர். தேடுகிறவர்களுக்கு வேண்டிய இரண்டும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன: யார் அவர், எந்த வீட்டுப் பிள்ளை.

பொது வீடு என்றால் ஒன்றை முதலில் செய்யுங்கள். உங்கள் பங்கு அறைச் சாவியை மட்டும் எடுங்கள். பங்காளி வீட்டுச் சாமானைத் தொட வேண்டியிருந்தால் போனில் கேட்டு, வாட்ஸ்அப் வீடியோவில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்து, எடுத்த இடத்திலேயே வையுங்கள். பழைய வீட்டில் ஒரு செம்பு இடம் மாறினாலும் அடுத்த தலைமுறை வரை பேச்சு வரும்.

பாத்திரத்தைக் கண்டதும் புளியைக் கரைக்கத் தோன்றும். கூடவே கூடாது. வெட்டெழுத்தின் பள்ளத்தில் வருஷக்கணக்காகக் கறுப்பு படிந்திருக்கிறது. கண்ணுக்கு எழுத்து தெரிவதே அதனால்தான். புளியும் எலுமிச்சையும் அந்தக் கறுப்பைக் கரைத்து, பள்ளத்தையும் மேட்டையும் ஒரே பளபளப்பாக்கிவிடும். தேய்க்கத் தேய்க்க உளியின் புள்ளிகளும் மழுங்கும். தினம் புழங்கிய குடத்தில் பேர் பாதி அழிந்தும், மச்சில் கிடந்த அண்டாவில் நேற்று வெட்டியதுபோலவும் இருப்பதற்கு இதுதான் காரணம். உலர்ந்த பழைய வேட்டித் துணியால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பேர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைக்கலாம். படித்து, படியெடுத்து, படமெடுத்து முடித்தபிறகு புளி போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கட்டாயம் என்றால்.

பேர் எங்கே இருக்கும்? குடத்துக்குக் கழுத்தடியிலோ தோளிலோ, அண்டாவுக்கு விளிம்பின் வெளிப்பக்கம், தட்டுக்கு அடிப்புறம், தூக்குக்கு மூடியில் ஒன்றும் உடலில் ஒன்றும். மூடியும் உடலும் வேறு வேறு பேரில் இருந்தால் ஜோடி மாறியிருக்கிறது என்று பொருள், இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

படிப்பதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பாத்திரத்தின் மேல் ஒட்டினாற்போலக் கிடையாகப் பிடித்து மெதுவாகச் சுற்றினேன். நேரே அடித்த வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது, ஒரு கோணத்தில் எழுத்தாக எழுந்து நின்றது. அப்படியும் பிடிபடாத கறுத்த பாத்திரத்தில் முகப்பவுடரைத் தூவி விரலால் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். பளபளப்பான எவர்சில்வருக்கு இதே வேலையை விளக்குக் கரியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துச் செய்யலாம்.

அடுத்தது படியெடுப்பது. கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பார்கள். நமக்குப் பென்சில் போதும். சமையலறையில் இருக்கும் வெண்ணெய்த் தாளைப் பாத்திரத்தின் மேல் இறுக்கிப் போர்த்தி, குடத்தின் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டு நகராமல் கட்டி, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இதில் நன்றாக எழும், இழுத்து வெட்டியது சற்று மங்கலாக வரும். தாளின் ஓரத்தில் பாத்திரத்தின் பெயர், இருந்த அறை, அலமாரியில் எந்தத் தட்டு, தேதி ஆகியவற்றைப் பென்சிலாலேயே எழுதிவிடுங்கள். இந்த ஓரக்குறிப்பு இல்லாத படி சில மாதங்களில் வெறும் கிறுக்கலாகிவிடும். பிறகு செல்போனில் இரண்டு படம்: அளவு டேப்போடு முழுப் பாத்திரம் ஒன்று, எழுத்து மட்டும் ஒன்று.

பாத்திரம் வெட்டுகிறவர் புலவர் இல்லை. காதில் விழுந்ததை வெட்டியிருப்பார். விசாலாட்சி சாலாச்சியாகவும், மீனாட்சி மீனாச்சியாகவும், லட்சுமி லெட்சுமியாகவும் இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது. ஓலையில் எழுதிய காலத்துப் பழக்கம் உளியிலும் தொடர்ந்திருக்கிறது. வாய்விட்டு மெல்லப் படித்தால் பிடிபடும். கண்ணால் மட்டும் பார்த்தால் முரண்டு பிடிக்கும்.

காலத்தைக் கணிக்கச் சில பிடிகள் உண்டு. எடையும் சேர்த்து வெட்டிய பாத்திரங்களில் வீசை, பலம் என்று இருந்தால் அது அநேகமாகப் பழையது. 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. 1960களின் தொடக்கத்தில் கிலோ கட்டாயமான பிறகு வெட்டியவற்றில் வீசை மெல்ல மறைகிறது. எழுத்துச் சீர்திருத்தம் 1978ல் அரசாணையாக வந்தது. துதிக்கை போட்ட லை, னை இருப்பதை வைத்து மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழகிய கை அதற்குப் பிறகும் அப்படித்தான் வெட்டும். புது வடிவம் இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தது என்று சொல்லலாம்.

எனக்கு வழி திறந்தது ஒரு பித்தளைக் குடத்தில். அதில் மூன்று பேர் இருந்தன. மேலே நன்றாகத் தெரிந்தது என் மாமியாரின் பெயர். அதற்குக் கீழே, சற்றுத் தேய்ந்து, வேறு விலாசத்தோடு அவருடைய ஆத்தாளின் பெயர். இன்னும் கீழே, தட்டிச் சமப்படுத்தப் பார்த்தும் முழுதாக அழியாமல் மூன்றாவது. ஆத்தாள் தன் குடத்தை மகளுக்குக் கொடுக்கும்போது பழைய பேரை அப்படியே விட்டு, புதுப் பேரை மேலே வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். விலாசம் அப்பனிலிருந்து மகனுக்குப் போகிறது. குடம் தாயிலிருந்து மகளுக்குப் போயிருக்கிறது. எந்தக் கோவில் ஏட்டிலும் வராத ஒரு வழி, மூன்று வீட்டு விலாசங்களைத் தாண்டி, ஒரு குடத்தின் தோளில் மேலிருந்து கீழாக நின்றது. டார்ச்சை அணைக்காமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் சொல்வதை ஆட்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எங்கள் உறவில் தொண்ணூறைத் தொட்ட ஆச்சி ஒருவர் தேவகோட்டையில் இருந்தார். அவருடைய பேரன் போனுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, சமையல் முடிந்து ஆச்சி ஓய்ந்திருக்கும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவேன். "உங்க ஆயா பேர் என்ன ஆச்சி?" என்று நேராகக் கேட்டால் யோசித்து யோசித்துக் களைத்துவிடுவார். "இந்தக் கூஜா யார் வீட்டுச் சீர் ஆச்சி?" என்று கேட்டால் போதும். "அடியம்மா, அது நாச்சியாபுரத்து அண்ணமிண்டி (அண்ணி) கொண்டுவந்ததுல்ல! மூடியிலே கிளி இருக்கும் பாரு" என்று தொடங்கி, யாருக்குக் கொடுத்தது, எங்கேயிருந்து கொண்டது, எந்தச் சம்பந்தி எந்தப் பந்தியில் கோபித்துக்கொண்டார் என்பது வரை வந்துவிடும். அந்தச் சண்டைகளையும் எழுதி வையுங்கள். யார் யாருக்குச் சம்பந்தி என்பது சண்டையில்தான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்.

2021 மே மாதத்து இரண்டாவது அலையில் அந்த ஆச்சி போய்விட்டார். போய்ப் பார்க்க முடியவில்லை. அவர் சொன்னவை ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய என்னிடம் இருக்கின்றன, குரலும் போனில் பதிவாகியிருக்கிறது. சொல்லத் தெரிந்த ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் போனைப் போடுங்கள். பாத்திரம் காத்திருக்கும், ஆச்சி காத்திருக்க முடியாது.

காகிதத்தில் பெண்களைத் தேட நல்ல இடம் இசைகுடிமானம். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் அந்த ஓலையில் இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று இருக்கும். சீர் எழுதிய சிட்டையும் கூடவே கிடைக்கலாம். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௧, ௨, ௩ என்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் பழகிவிடும். வருஷத்தில்தான் சிக்கல். சார்வரி என்று மொட்டையாக இருந்தால் எந்தச் சார்வரி? 2020 ஏப்ரல் 14ல் பிறந்ததும் சார்வரி, 1960ல் பிறந்ததும் சார்வரி, 1900ல் பிறந்ததும் சார்வரி. போதாததற்குத் தை மாதம் என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடி 1961 அல்லது 1901 ஆகிவிடும்.

இங்கே ஜாதக நோட்டு கைகொடுக்கிறது. கட்டத்தைப் பார்த்ததும் குருவையும் சனியையும் வைத்து வருஷம் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும். அறுபது வருஷத்தில் குரு ஏறத்தாழ ஐந்து சுற்றும் சனி ஏறத்தாழ இரண்டு சுற்றும் முடித்து, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. 1901 தைப் பிறப்பிலும் 1961 தைப் பிறப்பிலும் குருவும் சனியும் தனுசில்தான். பார்க்க வேண்டியது ராகுவை. அவருக்கு ஒரு சுற்று சுமார் பதினெட்டரை வருஷம், அறுபதுக்குள் அது சரியாக அடங்காது. 1901 தையில் ராகு விருச்சிகம், 1961 தையில் சிம்மம். எங்கள் நோட்டிலிருந்த சார்வரி வருஷத் தை மாதத்துப் பெண் குழந்தைக்கு ராகு விருச்சிகத்தில் இருந்தது. அந்தப் பெண்தான் என் மாமியாருக்கு மாமியார். குடத்தைப்போல அவருடைய அண்டாவிலும் அவர் பேருக்குக் கீழே அவருடைய ஆத்தாள் பேர் தேய்ந்து நிற்கிறது என்பதைப் பிறகு பார்த்தேன்.

படித்தது சரிதானா என்று சோதிக்க நம் வழக்கத்திலேயே ஒரு தராசு இருக்கிறது. நகரத்தாருக்கு உரிய நகரக் கோவில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமங்கோவில், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி. ஒரு கோவில்காரர்கள் பங்காளிகள். பிள்ளையார்பட்டியும் இரணிக்கோவிலும் அண்ணன் தம்பி முறை, அங்கும் பெண் கொண்டு கொடுப்பது கிடையாது. நீங்கள் எழுதிய ஜோடியில் இருவரும் ஒரே கோவில் என்று வந்தால் விலாசத்தைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம், படியை மறுபடி எடுத்துப் பாருங்கள். இளையாத்தங்குடி, மாத்தூர்க்காரர்கள் பிரிவையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

பிள்ளை கூட்டியது இன்னொரு முடிச்சு. சுவீகாரம் போன பிள்ளைக்கு விலாசம் மாறிவிடும். கூடப் பிறந்த அண்ணன் ஒரு விலாசம், தம்பி வேறு விலாசம். கூட்டுவது அதே கோவில் பங்காளிகளுக்குள்தான் என்பதால் கோவில் மாறாது. இரண்டு வழியையும் எழுதுங்கள், பெற்ற ஆத்தாளையும் வளர்த்த ஆத்தாளையும் சேர்த்து. ஒருவரை விட்டுவிட யாருக்கும் உரிமையில்லை.

கம்ப்யூட்டரில் ஏற்ற, வம்ச வரிசை எழுதும் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பேத்தி வீடியோ காலில் இருந்தபடியே போட்டுக் கொடுத்தாள். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும்; நமக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் அதில் பிறந்த வீட்டு விலாசத்தைப் போடுகிறேன், பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றுவதில்லை. கோவிலையும் பிறந்த ஊரையும் தனிக் குறிப்பாக வைக்கிறேன். தமிழ் வருஷத்தை அப்படியே எழுதி ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு சாலாச்சி இருக்கிறார், பேத்திக்கு அப்பத்தா பேர் வைத்துக்கொண்டே வந்ததால். அதனால் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். இடித்த வீட்டுத் தூணும் கதவும் விலை பேசி வாங்குகிறார்கள், பித்தளையோ எடைக்குப் போகிறது. உருக்குகிற இடத்தில் பேரைப் படிப்பவர் யாரும் இல்லை. விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நாலு தாய்மார்களின் அண்டாவை அறுநூறு சதுர அடி பிளாட்டில் எங்கே வைப்பது? விற்பதற்கு முன்னால் ஒரு படியும் இரண்டு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும்தான் 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அடுத்தவர் குப்பை என்று ஒதுக்கியதை ஒருவர் எடுத்து வைத்ததால் வந்தது அது.

என் மாமியாருக்கு மாமியாரின் மாமியார் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். மச்சில், படைப்புக்கு மட்டும் எடுக்கும் ஒரு வெண்கலப் பானையின் விளிம்பில் இருந்தார். பெயர் உண்ணாமலை. விலாசத்தைப் பிடித்து வேந்தன்பட்டி வரை போயிருக்கிறேன், எல்லாம் போனில்தான். அங்கே அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். அவருடைய ஐயா எழுதிய வம்ச நோட்டில் அதே பெயர், எங்கள் ஊருக்குக் கொடுத்ததாக ஒரு வரியில் இருக்கிறது.

மங்குச் சாமான்கள் இன்னும் பாக்கி. அவற்றில் பேர் வெட்டியிருக்காது, அடியில் பெயிண்டால் எழுதியிருக்கும். தண்ணீர், எண்ணெய், பவுடர் எதுவும் ஆகாது, துணியால் அழுத்தித் துடைத்தால் எழுத்து கையோடு வந்துவிடும். மிருதுவான பிரஷ்ஷால் தூசியை ஒதுக்கி, நேரே படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். படிகளையெல்லாம் மூன்று தொகுப்பாக்கி ஒன்றைச் சென்னைக்கும் ஒன்றைச் சிங்கப்பூருக்கும் அனுப்பியாயிற்று. மூலப் படிகள் சிவப்புத் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, இரண்டாங்கட்டு மர அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. சாவி எங்கே என்பது பேத்திக்குத் தெரியும்.